பக்கெட் கம்போஸ்ட் நாறும்போது: நுண்ணுயிர் பவுடர் வாங்குவதற்கு முன்

கேட்டிருப்பது இது: சென்னையில் மூன்றாம் மாடி, வீட்டில் நான்கு பேர், பால்கனியில் மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட். மூன்று வாரமாகக் காய்கறிக் கழிவும் மிச்சச் சோறும் அதில்தான் போகிறது. நடுநடுவே புளித்த மோரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றுகிறீர்கள். இப்போது அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது, வெள்ளைப் புழு நெளிகிறது, பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். எந்த நுண்ணுயிர் பவுடர் வாங்கினால் சரியாகும் என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது குப்பை ஏன் மக்காமல் அழுகுகிறது என்பதுதான். அதற்கு விடை கிடைத்துவிட்டால் பவுடர் கேள்விக்கு வேலையே இருக்காது.

உங்கள் பக்கெட்டில் நுண்ணுயிருக்குப் பஞ்சம் இல்லை. கத்தரிக்காய்க் காம்பிலும் கீரைத் தண்டின் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு வருவதே தாராளம். இல்லாதது காற்று. காற்று இல்லாமல் போனதற்குக் காரணம் தண்ணீர். மோரும் வெல்லத் தண்ணீரும் அந்தத் தண்ணீரை இன்னும் கூட்டியிருக்கின்றன.

நல்ல கம்போஸ்ட் என்பது பாக்டீரியாவும் பூஞ்சையும் ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டே குப்பையைத் தின்பது. கரியமில வாயு, தண்ணீர், சூடு, இந்த மூன்றும் அதிலிருந்து வெளியே வரும். கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு கிராம் சர்க்கரை முழுதாக எரிய ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். அவ்வளவு ஆக்சிஜன் ஏறத்தாழ 4 லிட்டர் காற்றில்தான் இருக்கிறது. ஒரு நாளில் 100 கிராம் உலர் பொருள் சிதைகிறது என்று வைத்துக்கொண்டால் 400 லிட்டர் காற்று உள்ளே போய் வர வேண்டும். மூடிய 20 லிட்டர் பக்கெட்டில் அது எங்கிருந்து வரும்? போதாததற்கு, ஒரு கிராம் சர்க்கரை எரிந்தால் 0.6 கிராம் தண்ணீர் புதிதாக உண்டாகிறது. காலையில் மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நிற்பதில் ஒரு பங்கு இதுதான்.

இனி தண்ணீரின் பங்கு. ஆக்சிஜன் காற்றில் பரவுகிற வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. குப்பைத் துணுக்குகளுக்கு இடையே உள்ள சந்துகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால், பக்கெட்டைத் திறந்தே வைத்திருந்தாலும் உள்ளே மூச்சு முட்டும். அப்போது ஆக்சிஜன் வேண்டாத கூட்டம் தலையெடுக்கிறது. முட்டை வாடை என்பது அது விடும் ஹைட்ரஜன் சல்பைடு. வாந்தி போன்ற புளித்த நெடி வந்தால் பியூட்டிரிக் அமிலம் முதலான கொழுப்பு அமிலங்கள். மூக்கைச் சுள்ளென்று தாக்குவது அம்மோனியா. அது வந்தால் காற்றுக் குறைவை விட நைட்ரஜன் மிகுதியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வாடையை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் இதைப் பிரித்துச் சொல்கிறேன்.

காற்றில்லாமலும் குப்பை மக்கும், அதை மறுக்கவில்லை. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹாவர்டு 1920-களில் இந்தூரில் வகுத்த முறை கிளறிக் கிளறிக் காற்றூட்டுவது. பெங்களூரில் சி.என். ஆச்சார்யா 1939-இல் வகுத்தது குழியில் நிரப்பிச் சேற்றால் மெழுகி, கிளறாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவது. இரண்டும் உரம் தரும். இரண்டாவதில் எழும் நாற்றத்தைக் குழியும் சேறும் மறைத்துக்கொள்ளும். பால்கனியில் அந்த வசதி கிடையாது, அதனால் நமக்கு முதல் வழிதான்.

எவ்வளவு காய்ந்த பொருள் சேர்ப்பது என்பதைப் பலரும் கண் மதிப்பில் விடுகிறார்கள். ஒரு முறை எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு கிலோ காய்கறிக் கழிவில் சுமார் 850 கிராம் தண்ணீர், 150 கிராம்தான் உலர் பொருள். கம்போஸ்டுக்கு ஏற்ற ஈரம் 50 முதல் 60 சதவீதம். 15 சதவீத ஈரமுள்ள காய்ந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 270 கிராம் சேர்த்தால் கலவை 70 சதவீதத்துக்கு இறங்கும். 60-க்கு இறக்க வேண்டுமானால் 550 கிராம் வேண்டும். புத்தகங்கள் சொல்லும் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு 1. காய்கறிக் கழிவு தனியாக 15 முதல் 20 வரை இருக்கும். 270 கிராம் கோகோபீட்டிலேயே அது 30-ஐத் தாண்டிவிடும். அதாவது நம் சமையலறைக் கழிவில் விகிதம் எளிதாகச் சரியாகிவிடுகிறது, ஈரம்தான் அடங்குவதில்லை. ‘பச்சை (ஈரக் கழிவு) ஒரு பங்கு, பழுப்பு (காய்ந்த பொருள்) இரண்டு பங்கு’ என்று விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நடைமுறையில் நான் சொல்வது: நறுக்கிய கழிவு ஒரு டப்பா என்றால் அதே டப்பாவால் காய்ந்த கோகோபீட் ஒன்று, கிலோவுக்கு மேலே சொன்ன 270 கிராம் அளவு. மீதி ஈரம் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஆவியாகப் போகட்டும். மிச்சச் சோறு, பழச்சக்கை போட்ட நாளில் ஒன்றரை டப்பா.

கோகோபீட்டில் ஒரு பொறி இருக்கிறது. 5 கிலோ கட்டியாக வாங்கினால் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அது செடி நடுவதற்கு. கம்போஸ்டுக்கு ஊறவைத்த கோகோபீட்டைப் போட்டால் ஏற்கெனவே நிறைந்த பஞ்சை இன்னொரு ஈரத்தில் போட்ட மாதிரி, எதையும் உறிஞ்சாது. கட்டியை உளியால் உடையுங்கள். உடையவில்லையென்றால் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து உதிர்த்து, மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கையில் அள்ளினால் பொடியாகச் சரிகிற பதத்தில் எடுத்து வையுங்கள். தெருவில் உதிர்கிற வேப்பிலை, புங்கை இலைச் சருகும் நன்றாகவே வேலை செய்யும். வாதாம் இலை தடிமன், கையால் நொறுக்கித்தான் போட வேண்டும். மரத்தூள் வாங்கினால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். நல்ல மரத்தூளும் மிக மென்மையாக இருந்தால் படிந்து காற்றை அடைக்கும். சருகோடு கலந்து போடுங்கள்.

இப்போது இருக்கிற பக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கறுப்புத் தண்ணீரை வடித்துக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். அதைப் பத்து மடங்கு நீர் சேர்த்துச் செடிக்கு ஊற்றலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். காற்றோட்டமுள்ள தொட்டியில் சொட்டுகிற தெளிந்த நீருக்கு அது ஓரளவு பொருந்தும். அழுகலில் வடிந்ததில் அமிலம் அதிகம், நோய்க்கிருமியும் இருக்கலாம். வேர் கருகும். கீரைத் தொட்டிப் பக்கம் கொண்டு போகவே கூடாது. பிறகு பழைய சாக்கை விரித்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, கட்டிகளை உதிர்த்து, சம அளவு காய்ந்த கோகோபீட்டோ நொறுக்கிய சருகோ சேர்த்துப் புரட்டுங்கள். கிளறும்போது நாற்றம் முன்னைவிட அதிகமாகத்தான் வரும். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம். ஒழுகினால் இன்னும் காய்ந்தது வேண்டும். பிடித்த பிடி நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் புதிதாக எதையும் போடாமல், முதல் நான்கு நாள் தினமும் ஒரு தடவை கிளறுங்கள். முட்டை வாடை முதலில் போகும். அடுத்து லேசான அம்மோனியா எழுந்தால் பயப்பட வேண்டாம், மேலே இரண்டு கை காய்ந்த பொருள் தூவிக் கிளறினால் அடங்கிவிடும்.

அடுத்த சுற்றுக்குப் பாத்திரத்தை மாற்றத்தான் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோ ஈரக் கழிவு விழும். கோகோபீட்டோடு சேர்த்தால் சுமார் 4 லிட்டர். மக்க மக்கப் பாதிக்கும் கீழே சுருங்கும் என்றாலும், ஒரு மாதத்துக்கு 60 முதல் 80 லிட்டர் கொள்ளளவு தேவை. அந்த அளவில் இரண்டு டிரம்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போது மற்றது முதிரும். பக்கவாட்டில் 8 மில்லிமீட்டர் துளைகளை ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒன்றாகப் போட்டு, உள்பக்கம் கொசுவலையை ஒட்டுங்கள். அடியில் நாலைந்து துளை, கீழே ஒரு தட்டு. உள்ளே அடிமட்டத்தில் உடைத்த கொட்டாங்குச்சியை ஐந்தாறு சென்டிமீட்டர் பரப்பினால் வடிகிற நீர் குப்பையைத் தொட்டுக்கொண்டு நிற்காது. துளை போட்ட இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒன்றை நடுவில் நட்டால் இன்னும் நல்லது. ஆழத்தில் இருப்பதற்கும் மூச்சு கிடைக்கும். மண்பானை அடுக்கு வாங்கினாலும் சரிதான், ஈரத்தைச் சுவர் வழியாகவே விட்டுவிடும். ஆனால் கனம் அதிகம், உடையும்.

தினசரி வேலை சின்னது. கழிவை மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, வடிதட்டில் இரவு முழுக்க வைத்து நீர் வடிந்த பிறகு போடுங்கள். மிக்சியில் அடிக்காதீர்கள். கூழாகிவிட்டால் சந்து என்பதே இருக்காது. போட்டதும் அதன் மேல் கோகோபீட், பிறகு மேல் அரை அடியைக் கையளவு கரண்டியால் கலந்து, கடைசியாக ஒரு விரல் கனத்துக்கு மேல்பூச்சாகக் காய்ந்த பொருள். ஈ உள்ளே முட்டையிடாமல் தடுப்பது அந்த மேல்பூச்சுதான், அதை மட்டும் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. வாரம் இரண்டு முறை அடிவரை புரட்ட வேண்டும். முதல் டிரம் முடிந்து சலித்த பிறகு, சல்லடையில் நிற்கிற கரட்டுத் துணுக்கை அடுத்த டிரம்மில் கோகோபீட்டின் பாதிக்குப் பதிலாகப் போடலாம். செலவு குறைகிறது, நுண்ணுயிர் விதையும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

எதைப் போடலாம், எதைக் கூடாது என்பதில் பட்டியல்கள் ஏராளம். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை இந்த அளவுள்ள டிரம்முக்கு வேண்டாம். மக்காது என்பதால் இல்லை, எலியும் பூனையும் வரும், எண்ணெய் துணுக்குகளைப் பூசிக் காற்றைத் தடுக்கும். சோறு போடலாம், ஆனால் கட்டியாக விழுந்தால் பசை மாதிரி இறுகும். கோகோபீட்டில் பிசறி உதிரியாகப் போடுங்கள். சாம்பார், ஊறுகாய் மிச்சத்தில் உப்பு இருக்கிறது. குப்பை சுருங்கும், உப்பு சுருங்காது. அது செறிவு கூடிச் செடித் தொட்டிக்கு வந்து சேரும் என்பதால் வடித்துவிட்டு, முடிந்தால் ஒரு அலசு அலசிப் போடுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் அளவோடு போடலாம். மாங்கொட்டை, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் மட்டை எல்லாம் லிக்னின் என்ற கடினமான மரப்பொருள் நிறைந்தவை. ஒரு சுற்றில் முடியாது, சலித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். முட்டை ஓடு பொடித்தால்தான் பயன். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகள் பெரும்பாலும் ஆலை அளவிலான சூட்டுக்கென்று செய்தவை, உங்கள் டிரம்மில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பூனை, நாய்க் கழிவும் டயப்பரும் கண்டிப்பாக வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

இப்போது பவுடர். உறுதியாகச் சொல்லக்கூடியது: ஈரமும் காற்றும் சரியாக இருந்தால் வெளியிலிருந்து நுண்ணுயிர் சேர்க்காமலே மக்கும். முதிர்ந்த கம்போஸ்ட் இரண்டு கைப்பிடியோ ஒரு குவளை கெட்டிச் சாணமோ முதல் டிரம்மில் சேர்த்தால் தொடக்கம் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். சந்தேகத்துக்குரியது: விலைக்கு விற்கும் கலவைகள் அதைவிட மேலாக என்ன செய்யும் என்பது. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. நார், லிக்னின் மிகுந்த பொருளில் பலன் தெரிகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை நார்க்கழிவு முறை அதற்கு நல்ல உதாரணம்: சிப்பிக்காளான் வித்தும் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சேர்த்து 112-க்கு 1 என்ற கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை 24-க்கு 1-க்குக் கொண்டு வருகிறார்கள். காய்கறித் தோலுக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை. காசியாபாத் தேசிய இயற்கை வேளாண்மை மையம் 2015-இல் 20 ரூபாய்க்குக் கொண்டுவந்த வேஸ்ட் டிகம்போசர் என்ற நுண்ணுயிர்க் கலவையை 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தோடு பெருக்கி வயலில் தெளிப்பார்கள். வயலுக்குத் தண்ணீர் தேவை. உங்கள் பக்கெட்டுக்கு அதுதான் நோயே.

புளித்த மோர் விஷயமும் இதேதான். அதிலிருப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. புதுக் கழிவு முதல் சில நாளில் தானாகவே புளித்து, அதன் பி.எச். 5 பக்கம் இறங்கும். காற்று கிடைத்தால் வேறு நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று 7, 8 என்று ஏற்றிவிடும். மோரும் வெல்லமும் புளிப்பை நீட்டிக்கும், சூடு விரும்பும் பாக்டீரியா எழும்பத் தாமதமாகும். மேலே லேசாகத் தெளித்தால் கேடு ஒன்றும் இல்லை, குவளை குவளையாக ஊற்றக் கூடாது, அவ்வளவுதான். இ.எம். என்று விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை வைத்துச் செய்யும் பொகாஷி வேறு கதை. அது காற்றுப் புகாமல் ஊறுகாய் போடுவது. கழிவு புளித்து நிற்கும், மக்காது, பிறகு மண்ணில் புதைத்தால்தான் உரமாகும். மண் தரை இல்லாத வீட்டில் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். துளை போட்ட டிரம்மையும் பொகாஷித் தவிட்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், இரண்டும் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும்.

புழுவைப் பார்த்து அருவருப்பு வருவது இயல்பு, ஆனால் எந்தப் புழு என்று பாருங்கள். சிறியதாக, மெல்லிய வெள்ளையாக, வேகமாக நெளிந்தால் வீட்டு ஈ அல்லது பழ ஈயின் புழு. அது ஈரம் மிகுந்துவிட்டதற்கும் மேல்பூச்சு இல்லாததற்கும் அடையாளம். இரண்டு சென்டிமீட்டர் வரை நீண்டு, தட்டையாக, வளையம் வளையமாகச் சாம்பல் பழுப்பில் இருந்தால் அது பிளாக் சோல்ஜர் எனப்படும் கருப்பு ஈயின் புழு. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டின் மேல் வந்து மொய்க்காது, நோயும் பரப்பாது. புழு கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். பூச்சி மருந்து அடித்துவிடாதீர்கள். அதிகமானால் காய்ந்த பொருள் சேர்த்துப் புரட்டினால் தானாகக் குறையும். வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி தூவும் பழக்கம் உண்டு. சிலருக்குப் பலன் தெரிகிறது, ஆனால் ஈரத்தைக் குறைக்காமல் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. வெள்ளைச் சாம்பல் படர்ந்த மாதிரி தெரிந்தால் அது பூஞ்சையோ, ஆக்டினோமைசீட்ஸ் என்ற இழை வடிவ பாக்டீரியாவோ. முதல் மழை மண்வாசனையைத் தருவது இந்த ஆக்டினோமைசீட்ஸ் கூட்டம்தான். எது வந்தாலும் நல்லது.

சூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 55 டிகிரி செல்சியஸ் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் சாகும் என்பது நிலைநாட்டப்பட்ட கணக்கு. ஆனால் சூட்டைத் தக்கவைக்க ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியல் வேண்டும். 80 லிட்டர் டிரம்மின் நடுப்பகுதி சில நாள் 45, 50-ஐத் தொடலாம்; ஓரங்கள் வெளிக்காற்றின் சூட்டில்தான் இருக்கும். உங்கள் உரத்தில் தக்காளியும் பூசணியும் தானாக முளைத்தால் அதன் பொருள் இதுதான், விதையைக் கொல்லும் அளவு சூடு ஏறவில்லை. சமையலறைக் கழிவுக்கு அது குறையே இல்லை. பூனைக் கழிவும் டயப்பரும் வேண்டாம் என்றது இதனால்தான்.

டிரம் நிரம்பிய பின் ஒன்று முதல் ஒன்றரை மாதம் விடுங்கள், வாரம் ஒரு முறை கிளறினால் போதும். தயாராகிவிட்டதா என்று பார்க்க: ஈரமான ஒரு பிடியை ஜிப் பையில் மூன்று நாள் மூடி வைத்துத் திறங்கள். மண்வாசனை வந்தால் முடிந்தது, புளிப்போ அழுகலோ வந்தால் இன்னும் நாள் வேண்டும். அவசரப்பட்டு முதிராததைத் தொட்டியில் போட்டால், மிச்ச வேலையை முடிக்க நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். ஐந்து மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். பொடி பறக்காமல் இருக்க லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சலிக்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் செய்யக் கூடாது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் இதில் சாதாரணமாக இருக்கும். தொட்டி மண்ணில் கால் பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். இதில் நைட்ரஜன் ஒன்றிரண்டு சதவீதம்தான், மண்ணின் பதத்தைச் சீராக்குவதே இதன் முதல் வேலை. காய்க்கும் செடிக்கு வேறு ஊட்டமும் தேவைப்படும்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காற்றே ஈரம், கோகோபீட் சாக்கில் இருந்தபடியே நீரை இழுத்துக்கொள்ளும், மாடியில் காயவைக்கவும் வழியிருக்காது. நாளொன்றுக்கு 270 கிராம் என்றால் ஒரு 5 கிலோ கட்டி 18 நாள் வரும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் ஐந்து கட்டிகளை உதிர்த்து, முறுகக் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் அடைத்துவிடுங்கள். துளை போட்ட டிரம்மைச் சாரல் அடிக்காத சுவரோரம் தள்ளி, மேலே ஓர் அட்டை சாய்த்து வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டினால் மறுபடியும் முட்டை வாடைதான்.